வாய் திறக்காத வலது கேலரி

குரோஹாமா கொக்குகள் அணி வரிசையாகப் பன்னிரண்டாவது ஆட்டத்தில் தோற்ற மறுநாள், ஹமுரா சுமியேயிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த மூன்று பேரும் அழாத குறையாகத்தான் வண்டியை விட்டு இறங்கிப் போனார்கள்.

"கண்ணாடியைப் பார்க்காம திருப்புறீங்களே, நீங்க என்ன கொக்கு அணியிலயா ஆடுறீங்க?" என்று கேட்டாள் ஒருவரிடம். அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். பேஸ்பால் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். எதற்குத் திட்டு வாங்குகிறோம் என்றே அவருக்குப் புரியவில்லை.

சுமியேவுக்கு ஐம்பத்தாறு வயது. பகலில் டிரைவிங் ஸ்கூலில் வேலை. ஆட்டம் இருக்கிற நாளெல்லாம் குரோஹாமா மைதானத்தின் வலது கேலரியில் ட்ரம்பெட் வாசிப்பாள். இருபத்து மூன்று வருடமாக வாசிக்கிறாள். அணியில் இடம் பிடித்த ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு பாட்டு உண்டு. அவன் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற நொடியிலிருந்து, ஓடுகிற வரையிலோ அவுட் ஆகிற வரையிலோ, அவனுடைய பாட்டை வலது கேலரி விடாமல் பாட வேண்டும். அவன் எவ்வளவு கேவலமாக ஆடினாலும் சரி, பாட்டு நிற்கக்கூடாது. ரசிகர் குழுவின் முதல் சட்டமே அதுதான். அந்தப் பாட்டுகளில் பாதிக்கு மேல் சுமியே மெட்டுப் போட்டவை.

முன்பெல்லாம் அந்தப் பாட்டுக்கு ஒரு மரியாதை இருந்தது. கொக்குகள் கோப்பையெல்லாம் வாங்கிய அணி. பிறகு என்ன ஆனதோ, நன்றாக ஆடுகிறவன் ஒவ்வொருவனும் பெரிய நகரத்து அணிகளுக்குப் பறந்துபோனான். பறக்க முடியாதவர்கள் மிச்சம் நின்றார்கள். லீகில் இருப்பது ஆறு அணிகள். ஆறு வருடமாகக் கொக்குகளுக்கு ஆறாவது இடம். பக்கத்து ஊர்க்காரர்கள், "உங்க கொக்கு இன்னும் ஒத்தைக் கால்லதான் நிக்குதா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

அன்று சாயங்காலம் ரசிகர் குழு இவாசேயின் சலூனில் கூடியது. இவாசேதான் குழுவின் தலைவர். எழுபதை நெருங்கிய முடிதிருத்துபவர். ஆட்டத்தன்று வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, விசில் ஊதி, கையை வீசி மொத்த கேலரியையும் ஆட்டிவைப்பவர். எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு அவர் உட்காருவதற்குள் சுமியே ஆரம்பித்துவிட்டாள்.

"தலைவரே, நான் இனிமே ஊதப்போறதில்ல."

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"மனசு சரியில்ல. நேத்து அந்தக் கொதானி என்ன செஞ்சான் பார்த்தீங்கல்ல? தலைக்கு மேல போற பந்துக்கு மட்டையை வீசுறான், தும்பி பிடிக்கிறவன் மாதிரி. ஒரு தடவை இல்ல, மூணு தடவை! அவனுக்கு நான் மூச்சைப் பிடிச்சுப் பாட்டு வேற வாசிக்கணுமா?"

கொதானி அணியின் கேட்சர், அடிப்பவனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவன். முப்பத்தெட்டு வயது, பதினொரு வருடமாக இதே அணி. குனிந்து குனிந்து உட்கார்ந்து முழங்கால் இரண்டும் போய்விட்டது. பத்துத் தடவை மட்டை பிடித்தால் இரண்டு தடவை பந்தில் படுவதே பெரிய விஷயம்.

"ரோஷம் வர்ற வரைக்கும் ஒருத்தரும் சத்தமே போடக்கூடாது," என்றாள் சுமியே. "பாட்டு இல்ல, மேளம் இல்ல, கைத்தட்டல்கூட இல்ல. மொத்த கேலரியும் வாயை மூடிக்கிட்டு உட்காரணும்."

"ரோஷம் எந்தக் கடையில விக்குதுன்னு சொல்லுங்கக்கா, நானே வாங்கிக் குடுத்துடறேன்," என்றாள் மிஹோ. பெரிய மேளம் அடிப்பவள் அவள். பல் டாக்டரிடம் நர்ஸ். அவள் அடிக்கிற அடியைப் பார்த்த யாரும் அந்த டாக்டரிடம் போக மாட்டார்கள்.

இவாசே தன் தேநீரைக் குடித்து முடித்தார். அவருக்கும் ஆத்திரம்தான். கடைசியில், "சரி, அப்படியே செய்வோம்," என்றார். சுமியே ஆறு மீட்டர் வெள்ளைத் துணி வாங்கி, சலூன் தரையில் விரித்து, பெரிய தூரிகையால் தன் கைப்படவே எழுதினாள்: 'உங்களுக்கு வெட்கம் வரும் வரை எங்கள் வாய் திறக்காது.'

அடுத்த ஆட்டத்தில் அந்தத் துணி வலது கேலரியின் கம்பித் தடுப்பில், மைதானத்தைப் பார்த்துத் தொங்கியது. ஐயாயிரம் பேர் கோயிலில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள். பந்து கையுறையில் விழுகிற சத்தம் கேட்டது. பீர் விற்கிற பெண் வழக்கம்போல் கத்திவிட்டு, தன் குரலைக் கேட்டுத் தானே பயந்துபோய், அப்புறம் சைகையிலேயே விற்றாள். கொக்குகள் நாலுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்துவிட்டார்கள்.

ஜெயிப்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எழுந்து குதிப்பதா, சபதத்தைக் காப்பாற்றுவதா என்று தெரியாமல் ஐயாயிரம் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, தொடையைக் கிள்ளிக்கொண்டு, சத்தமில்லாமல் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் சுமியே ட்ரம்பெட்டைப் பளபளவென்று துடைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். "வெட்கம் வந்துருச்சு தலைவரே. துணியை அவுத்துட்டு ஆரம்பிக்கலாமா?"

இவாசே அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். முகத்தில் ஒரு நாள் தாடி. ஊருக்கே சவரம் செய்கிற மனிதர் தன் முகத்தைத் தொடவில்லை. "ஆரம்பிக்கிறதா? நேத்து ஜெயிச்சிருக்கோம்மா! எதையும் மாத்தாதே. நேத்து எந்தச் சீட்டுல இருந்தியோ அங்கேயே உட்காரு. மதியம் என்ன சாப்பிட்டே?"

"கறி பன்னு."

"இன்னிக்கும் அதையே சாப்பிடு."

குரோஹாமா ரசிகனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. ஜெயித்த நாளின் சாக்ஸைத் துவைக்காமல் போடுகிறவர்கள், ஜெயித்த நாள் வந்த அதே சந்து வழியாகத்தான் மைதானத்துக்கு வருவேன் என்று மழையில் சுற்றி வருகிறவர்கள். அன்றும் ஜெயித்தார்கள். அதற்கப்புறம் யார் அந்தத் துணியை அவிழ்ப்பது? தொட்டவன் கையை வெட்டிவிடுவார்கள் போலிருந்தது.

மூன்றாவது ஆட்டத்தில் ஒரு தவறு நடந்தது. கொதானி மட்டையோடு வந்து நின்றபோது, இருபத்து மூன்று வருடப் பழக்கம், சுமியேயின் கை தானாக ட்ரம்பெட்டை உதட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. ஒரே ஒரு சுரம்தான் வந்தது. அதையும் பாதியில் விழுங்கிவிட்டாள். கொதானி அடித்த பந்து நேராக எதிராளி கையில் போய் விழுந்து, ஒரே அடியில் இரண்டு பேர் அவுட். அடுத்த இன்னிங்ஸில் எதிரணி மூன்று ரன் எடுத்தது. ஐயாயிரம் தலைகள் திரும்பி சுமியேயைப் பார்த்தன. ஒரு ரன் வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்து ஜெயித்த பிறகுதான் அவளால் மூச்சு விட முடிந்தது.

"தப்பா நினைச்சுக்காதே," என்று சொல்லி இவாசே அடுத்த நாள் தன் சலூன் துண்டைச் சுருட்டி ட்ரம்பெட் வாயில் அடைத்தார். "உன் மேல நம்பிக்கை இல்லாம இல்ல. உன் கை மேலதான் நம்பிக்கை இல்ல."

"அப்போ கொண்டே வர வேணாமே தலைவரே?"

"முதல் நாள் கொண்டுவந்திருந்தியே. கொண்டு வரணும்."

நாலு, ஐந்து, ஆறு என்று வெற்றிகள் ஏறிக்கொண்டே போயின. ஊரே பூரித்துப்போனது. மீன் சந்தையில் சும்மாவே சிரித்தார்கள். சுமியே மட்டும் சரியாகத் தூங்கவில்லை. அவளுக்கே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது, ஆனால் விஷயம் அதுதான்: அவளுக்குப் பொறாமை. மௌனத்தின் மேல் பொறாமை. இத்தனை வருடம் மழையிலும் வெயிலிலும் உதடு வெடிக்க ஊதினாளே, அதற்கெல்லாம் என்ன பலன்? அவள் ஊதியபோதெல்லாம் தோற்றார்கள், வாயை மூடியதும் ஜெயிக்கிறார்கள். இந்த அணிக்கு அவள் செய்த ஒரே நல்ல காரியம் சும்மா இருந்ததுதானா?

"இப்பத்தான் ஜெயிக்கிறாங்களே, இன்னும் ஏன் திட்டுறீங்க?" என்று தபால்காரர் பாவமாகக் கேட்டார்.

"பிரேக்கைப் போடுங்க முதல்ல," என்றாள் சுமியே.

ஏழாவது ஆட்டம் சனிக்கிழமை. கடைசி இன்னிங்ஸில் கொதானி அடித்த பந்து, எப்படித்தான் பட்டதோ, இரண்டு பேருக்கு நடுவே புகுந்து ஓடிப்போய் ஜெயித்துக் கொடுத்துவிட்டது. வென்ற ஆட்டத்தின் நாயகனை மைதானத்தின் நடுவில் சின்ன மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுப்பது வழக்கம். வியர்வையும் மண்ணுமாக நின்றான் கொதானி. அறிவிப்பாளர், "இந்த மகிழ்ச்சியை யாரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று கேட்டார். எல்லோரும் மனைவி பெயரைச் சொல்வார்கள். கொதானி தொப்பியைக் கழற்றினான்.

"வலது கேலரிக்கு ஒண்ணு சொல்லணும்," என்றான். "நீங்க கோபமா இருக்கீங்க. நியாயம்தான். இந்தத் துணியில எழுதினதை நாங்க தினமும் படிக்கிறோம். முதல் நாள் ஜெயிச்சா கழட்டிடுவாங்கன்னு நினைச்சோம். கழட்டல. சரி, ஒண்ணு போதாது, இன்னும் ஜெயிக்கணும்னு ஓடினோம். ஏழு ஆயிடுச்சு. இன்னும் எத்தனை ஜெயிச்சா மன்னிப்பீங்கன்னு தெரியல." தொப்பியைக் கசக்கினான். "நாளையோட நான் விலகுறேன். நாளைக்கும் ஜெயிக்கப் பார்க்கிறேன். அப்பவாவது தயவுசெஞ்சு..." என்று சொல்லி, வலது கேலரியைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்தான். நிமிரவே இல்லை. அறிவிப்பாளர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

வலது கேலரியில் ஐயாயிரம் பேருக்கும் முகம் வெளிறிப்போனது. கோபமா? கோபம் முதல் ஆட்டத்தோடு போய்விட்டதே! ஆசையாசையாக, உதட்டைக் கடித்துக்கொண்டு, அவர்கள் ஜெயிக்கட்டும் என்றுதானே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதை மைதானத்தில் இருப்பவர்களிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. துணியில் இருந்தது சுமியேயின் கையெழுத்து. அவளுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சலூனில் அவசரக் கூட்டம். சீசனின் கடைசி ஆட்டம் மதியம் ஒரு மணிக்கு. எதிரணி ஐந்தாம் இடத்தில் இருக்கிறது. ஜெயித்தால் கொக்குகள் ஐந்தாவது, தோற்றால் ஏழாவது வருடமாக ஆறாவது.

"துணியையாவது எடுத்துடலாம்," என்றாள் மிஹோ.

"ஏழு ஆட்டமும் அது தொங்கிச்சு," என்றார் இவாசே. தாடி இப்போது நன்றாக வளர்ந்து, வாடிக்கையாளர்கள் பயப்படுகிற அளவுக்கு வந்திருந்தது.

"அந்த மனுஷன் நாம வெறுக்கிறோம்னு நினைச்சுக்கிட்டே போயிடுவாரே தலைவரே!"

"ஜெயிச்ச நிமிஷம் நானே ஓடிப்போய் அவன் கால்ல விழறேன். ஒரே ஒரு ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸ். ஏழு வருஷமா கடைசியில கிடக்கோம், பக்கத்து ஊர்க்காரன் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான். மௌனமா இருக்கலாம்ங்கிறவங்க கை தூக்குங்க."

மிஹோவைத் தவிர எல்லோரும் தூக்கினார்கள். சுமியேயும் தூக்கினாள். அவளுக்கும் ஐந்தாவது இடம் வேண்டியிருந்தது. வெளிப்படையாகச் சொன்னால், மிகவும் வேண்டியிருந்தது.

ஆட்டம் கடைசி இன்னிங்ஸுக்கு வந்தபோது எதிரணி மூன்று, கொக்குகள் இரண்டு. இரண்டு பேர் அவுட். ஒருவன் பாதி தூரம் ஓடி இரண்டாவது பேஸில் நிற்கிறான். ஒரு நல்ல அடி விழுந்தால் சமம், சுவரைத் தாண்டினால் வெற்றி. மட்டையைத் தூக்கிக்கொண்டு கொதானி வந்தான்.

வந்தவன் உடனே நிற்கவில்லை. மட்டையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு வலது கேலரியைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வைகூட இல்லை. செய்த தப்புக்குத் தண்டனை முடிந்ததா என்று எட்டிப் பார்க்கிறவன் பார்வை. ஐயாயிரம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் தலையை ஆட்டிக்கொண்டு, 'சரி, புரிகிறது' என்பது போலத் திரும்பினான்.

சுமியே ட்ரம்பெட் வாயிலிருந்து துண்டை உருவினாள்.

"சுமியே, வேணாம்." இவாசே அவள் பக்கம் குனிந்தார். "ஒரே ஒரு அவுட் பாக்கிம்மா. வேணாம்."

"தெரியும் தலைவரே. தோத்தா என்னை ஊரை விட்டே துரத்துங்க."

"நீயும்தானே கை தூக்கினே!"

"தூக்கினேன். அப்போ அவன் மூஞ்சி எதிர்ல இல்ல."

ஊதினாள். ஒன்பது நாள் ஊதாத உதடு, முதல் சுரம் பிசிறடித்தது. இரண்டாவது சுரம் மைதானத்தைத் தாண்டித் துறைமுகம் வரை போனது. "கொதானி, கொதானி, கடல் காத்திருக்கு, தூக்கிப் போடு" என்கிற அந்த அசட்டுப் பாட்டு. மூன்றாவது சுரத்தில் மிஹோவின் மேளம் இடி போல வந்து சேர்ந்தது. அவ்வளவுதான், ஐயாயிரம் பேரும் எழுந்துவிட்டார்கள். ஒன்பது நாளாக அடக்கி வைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. யாரோ இரண்டு பேர் துணியை அவிழ்த்தார்கள். அழுதுகொண்டே பாடினார்கள், பாடிக்கொண்டே தாங்கள் செய்வது மகா முட்டாள்தனம் என்று தங்களையே திட்டிக்கொண்டார்கள். இவாசே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு வெள்ளைக் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு கையை வீசத் தொடங்கினார்.

கொதானி அடிக்கிற கட்டத்தை விட்டு வெளியே வந்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். நடுவர் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

முதல் பந்துக்கு மட்டையை வீசித் தவறவிட்டான். இரண்டாவதையும் தவறவிட்டான். மூன்றாவது பந்து அவன் தலைக்கு மேலே போனது. அதற்கும் மட்டையை வீசினான். அடேயப்பா, என்ன வீச்சு! பட்டிருந்தால் பந்து கப்பலில் போய் விழுந்திருக்கும். படவில்லை. மூன்றும் தவறியதால் அவுட், ஆட்டம் முடிந்தது. சீசன் முடிந்தது. ஆறாவது இடம்.

கேலரியில் யாரும் சுமியேயைத் திட்டவில்லை. திட்டவும் ஆசைதான், எல்லோருக்கும் தொண்டை கட்டியிருந்தது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். நான்தான் தோற்கடித்தேன் என்று நினைத்தாள். இந்த வருடமும் நான்தான், போன வருடமும் நான்தானோ என்னவோ.

ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று வணங்கிவிட்டு உள்ளே போனார்கள். கொதானி மட்டும் மைதானத்தைக் குறுக்கே கடந்து, நொண்டிக்கொண்டே வலது கேலரியின் சுவர் ஓரத்துக்கு வந்தான். அண்ணாந்து பார்த்து, "ட்ரம்பெட் வாசிக்கிற அக்கா இருக்காங்களா?" என்று கேட்டான்.

யாரோ அவளைத் தள்ளிக் கம்பித் தடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவனை இவ்வளவு பக்கத்தில் பார்க்கிறாள். காதோரம் நரைத்திருந்தது.

"மன்னிச்சிடுப்பா," என்றாள். "கோபத்துல இல்ல. நாங்க சும்மா இருந்தா நீங்க ஜெயிக்கிறீங்கன்னுதான் சும்மா இருந்தோம். சத்தியமா. இப்பவும் நான் ஊதாம இருந்திருந்தா..."

கொதானிக்கு விஷயம் புரிந்தது. அப்புறம் சிரித்தான், சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்ததும், "அக்கா, பதினொரு வருஷமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்," என்றான். "நான் உங்க தாளத்துக்குத்தான் மட்டையை வீசுவேன். எப்பவும். வேற எதுவும் காதுல விழாது. ஆனா அந்தப் பாட்டு ரொம்ப வேகம்கா. எனக்கு முப்பத்தஞ்சு ஆன பிறகாவது கொஞ்சம் மெதுவா வாசிச்சிருக்கலாம்."

"பாட்டு வேகமெல்லாம் இல்ல," என்றாள் சுமியே. "நீதான் கிழவனாயிட்டே." சொல்லும்போதே கண்ணீர் வழிந்து கன்னத்தில் ஓடியது. அதை அவள் துடைக்கவில்லை. ஒவ்வொரு சுரமும் அவன் காதில் விழுந்திருக்கிறது, பதினொரு வருடமும்.

அவன் குனிந்து வணங்கிவிட்டுத் திரும்பி நடக்கத் தொடங்கினான். அந்தக் கால்களுக்கு அது நீண்ட தூரம். சுமியே ட்ரம்பெட்டை எடுத்து அதே பாட்டை வாசித்தாள், பாதி வேகத்தில், அவனுடைய இடது கால், வலது கால், இடது கால் என்று பார்த்துப் பார்த்து. பின்னால் மிஹோ மேளத்தை மெல்லத் தட்டினாள். கொதானி திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் தாளம் தவறாமல் நடந்தான்.